இரண்டு வெள்ளைக் கல், ஒரு பிடி கறுப்பு மணல்

மாணவர்களே, கோலாலம்பூருக்கு வடக்கே ஒரே நாளில் பார்த்துவிடக்கூடிய இரண்டு மலைகள் உள்ளன. ஒன்று பத்துமலை. தைப்பூசத்துக்குப் படியேறியவர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றொன்று, கிள்ளான் கேட்ஸ் அணைக்கு அருகே வரிசைப் பற்களைப்போல நிற்கும் புக்கிட் தாபோர். இரண்டு மலைகளின் கல்லிலும் ஒவ்வொரு வெள்ளைத் துண்டை உங்கள் கையில் கொடுத்தால், எது எந்த மலையுடையது என்று சொல்வீர்களா?

நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். பத்துமலை சுண்ணாம்புக் கல்லால் ஆனது. அதிலுள்ள முக்கியக் கனிமம் கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட். புக்கிட் தாபோர் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கான் டைஆக்சைடு. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. கால்சைட் அதில் மெல்ல மெல்லக் கரையும். பத்துமலையில் குகை உண்டானது அப்படித்தான். குவார்ட்ஸை மழை அசைப்பதில்லை. சுற்றியிருந்த கருங்கல் சிதைந்து மண்ணாகிப் போன பிறகும், குவார்ட்ஸ் மட்டும் பல கிலோமீட்டர் நீளத்துக்கு முதுகெலும்புபோல எஞ்சி நிற்கிறது.

இதைச் சோதிக்க மலையை உடைக்கப் போகாதீர்கள். பூச்செடி விற்கும் கடையில் தொட்டிக்குப் போடும் வெள்ளைக் கற்கள் கிடைக்கும். அவற்றில் சில பளிங்கு (அதுவும் கால்சைட்தான்), சில குவார்ட்ஸ். கடைக்காரருக்கே பல நேரங்களில் வித்தியாசம் தெரியாது. ஓர் இரும்பு ஆணியால் அழுத்திக் கீறிப் பாருங்கள். பளிங்கில் கீறல் விழும். குவார்ட்ஸிலும் சாம்பல் நிறக் கோடு ஒன்று தெரியும், ஆனால் விரலால் துடைத்தால் போய்விடும். அது கல்லில் விழுந்த கீறல் அல்ல, ஆணி தேய்ந்து ஒட்டிய இரும்பு. இந்த இடத்தில்தான் பலர் தவறான முடிவை எழுதுகிறார்கள்.

1812இல் ஜெர்மானியரான ஃபிரெட்ரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை வரிசையில் கால்சைட்டுக்கு 3, குவார்ட்ஸுக்கு 7, வைரத்துக்கு 10. கண்ணாடி ஏறக்குறைய 5.5. ஆகவே குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறும், கால்சைட் கீறாது. அடுத்து, கல்மீது சில துளி வினிகர் விடுங்கள். கால்சைட் என்றால் குமிழ்கள் எழும். உடனே எழாவிட்டால் அவசரப்படாமல், கல்லைச் சுரண்டித் தூளாக்கி அதன்மீது விடுங்கள். தூளாக்கிய பிறகு மட்டும் குமிழ் வந்தால், அது மக்னீசியமும் கலந்த டோலமைட்டாக இருக்கலாம்.

வெள்ளைக் கற்களை விட்டுவிட்டு நிறமுள்ளவற்றுக்கு வருவோம். கல்லின் நிறத்தைவிட அதன் தூளின் நிறம் நம்பகமானது. நம் பொற்கொல்லர்களுக்கு இது பழைய செய்தி. உரைகல்லில் நகையைத் தேய்த்து அந்தக் கோட்டைப் பார்த்துத்தானே மாற்று சொல்கிறார்கள்? ஆய்வுக்கூடத்தில் உரைகல்லுக்குப் பதில் மெருகு பூசாத வெள்ளைப் பீங்கான் ஓடு. தங்கத்தைத் தேய்த்தால் மஞ்சள் கோடு விழும். தங்கம்போலவே மின்னும் பைரைட்டைத் தேய்த்தால் பச்சை கலந்த கறுப்புக் கோடு. கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ மின்னும் ஹெமடைட் என்ற இரும்புத்தாது செம்பழுப்புக் கோடு போடும்.

இனிக் கிந்தா பள்ளத்தாக்கு. படிவம் 3 அறிவியலில் காசிட்டரைட் என்ற பெயரைப் படித்திருப்பீர்கள். அதுதான் டின் ஆக்சைடு. நம் பேச்சில் அதை 'ஈயம்' என்றே சொல்கிறோம். வேதியியலில் அது வெள்ளீயம். காரீயம் வேறு உலோகம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

டூலாங் என்ற ஆழமில்லாத மரத்தட்டில் ஆற்று மணலை அள்ளி, நீரில் சுழற்றிச் சுழற்றி அலசி ஈயம் சேர்த்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், அவர்களில் சீனப் பெண்களே அதிகம். அவர்கள் கையில் இருந்த அறிவியல் அடர்த்தி. 20 மில்லிலிட்டர் நீரை இடம்பெயர்க்கும் அளவுள்ள குவார்ட்ஸ் துண்டு 53 கிராம் இருக்கும். அதே அளவு காசிட்டரைட் சுமார் 140 கிராம். சுழலும் நீரில் லேசான மணல் வெளியேற, கனமான கறுப்புத் துகள்கள் தட்டில் தங்கும்.

ஆனால் தங்கிய கறுப்பு எல்லாமே ஈயம் இல்லை. இல்மனைட்டும் கறுப்பு, டூர்மலினும் கறுப்பு. நாள் முழுக்க இடுப்பளவு நீரில் நின்றவருக்குக் கிடைக்கும் கூலி அந்த ஒரு பிடியில் எவ்வளவு காசிட்டரைட் என்பதைப் பொறுத்தது. தூள் நிறம் இங்கேயும் உதவும்: இல்மனைட் கறுப்புக் கோடு, காசிட்டரைட் வெள்ளை அல்லது வெளிர் பழுப்பு. சக்திவாய்ந்த காந்தம் இல்மனைட்டை இழுக்கும், காசிட்டரைட்டை இழுக்காது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை வேறொன்று. இதை ஆசிரியர் முன்னிலையில், கண்ணாடிக் கவசம் அணிந்துதான் செய்ய வேண்டும். துத்தநாகத் தகட்டின்மேல் சந்தேகத்துக்குரிய துகளை வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில துளி விடுவார்கள். சில நிமிடங்களில் காசிட்டரைட் துகளின்மேல் மட்டும் சாம்பல் நிற வெள்ளீயப் படலம் படியும். கழுவித் துணியால் தேய்த்தால் பளபளக்கும். துத்தநாகம் வெள்ளீயத்தைவிட வினைபுரியும் தன்மை மிக்கது என்று வரிசையாக மனப்பாடம் செய்கிறோமே, அது இங்கே கண்முன் நடக்கிறது.

ஈயத்தைப் பிரித்த பின் மிஞ்சும் கனமான மணலுக்கு 'ஆமாங்' என்று பெயர். இல்மனைட், சிர்கான் ஆகியவற்றோடு மஞ்சள் கலந்த பழுப்பு நிற மோனசைட்டும் அதில் உண்டு. மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. ஈப்போ அருகே புக்கிட் மேராவில், மோனசைட்டிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்த ஆலை ஒன்று 1980களில் இயங்கியது. அதன் தோரியக் கழிவை எதிர்த்து அங்கு வாழ்ந்த மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை நிறுத்த உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. ஈயச் சுரங்கம் 'கழிவு' என்று ஒதுக்கிய மணலில் என்னென்ன கனிமங்கள் என்ற கேள்வி, ஓர் ஊரின் உடல்நலக் கேள்வியாகவே மாறிவிட்டது. ஆகவே பழைய ஈயக்குட்டைப் பக்கம் கறுப்பு மணலைக் கண்டால் வீட்டுக்கு அள்ளி வராதீர்கள்.

அசல் மாதிரிகளைப் பார்க்க ஈப்போவில் நிலவியல் அருங்காட்சியகமும் கம்பாரில் ஈயச் சுரங்க அருங்காட்சியகமும் உள்ளன. லங்காவி போகும் குடும்பங்கள் பாந்தாய் பாசிர் ஹித்தாமிலும் நிற்கலாம். அங்குள்ள கறுப்பு மணலில் இல்மனைட், டூர்மலின், சிர்கான் எல்லாம் இருக்கின்றன. சக்திவாய்ந்த காந்தம் ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மணல்மேல் மெல்ல நகர்த்துங்கள். எவை ஒட்டுகின்றன, எவை தங்குகின்றன என்று குறித்துக்கொண்டு, மணலை அங்கேயே உதறிவிட்டு வாருங்கள்.