ரத்தப்போக்கு நின்னாலும் சிகிச்சையை நிறுத்தாதீங்க!

"கரன்ட் வச்சாச்சு, ரத்தப்போக்கும் நின்னுடுச்சு. இன்னும் எதுக்கு மதுரைக்கு அலையணும்? கூலி போயிடுமே!"

சிவகாசி, விருதுநகர் பக்கம் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகும் பெண்களே, அவசரப்பட வேண்டாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வெளியிலிருந்து வைக்கும் கரன்ட் பெரும்பாலும் பாதி வைத்தியம்தான். மீதி, 'பிராக்கிதெரபி' எனும் உள் கதிர்வீச்சு.

மெல்லிய குழாய் வழியாக இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளைக் கட்டி இருக்கும் இடத்துக்கே அனுப்புவார்கள். சில நிமிடங்களில் அது மெஷினுக்கே திரும்பிவிடும். உடம்பில் கதிர்வீச்சு தங்காது. வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளையைத் தாராளமாகக் கொஞ்சலாம்.

இரண்டு சிகிச்சையும் சேர்ந்து 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். தாமதித்தால் நோய் திரும்பும் ஆபத்து கூடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், ஆஸ்பத்திரியில் காட்டிக் கேளுங்கள். 'தீபாவளி சீசன் முடியட்டும்'னு மட்டும் தள்ளிப்போடாதீங்க!