குண்டுக்குத் தப்பிய பாலம் வெள்ளத்துக்குத் தப்புமா?

பிளாரன்ஸுக்குப் போகிறவர்கள் எல்லாரும் போன்டே வெக்கியோவில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கூப்பிடு தூரத்தில், ஆர்னோ நதியின் கீழ்ப்போக்கில் இருக்கும் சாந்தா திரினிதா பாலம் அந்தப் படத்துக்குப் பின்னணியாகிவிடுகிறது. இரண்டில் அழகி அவள்தான் என்று அடித்துச் சொல்வேன்.

1345-ல் எழுந்த போன்டே வெக்கியோவின் கவர்ச்சி பாதிக்கு மேல் அதன் கடைகளால் வந்தது. கசாப்புக் கடைகளின் நாற்றம் பொறுக்காமல் 1593-ல் ஆட்சியாளர் அவற்றை அகற்ற, பொற்கொல்லர்கள் குடியேறினார்கள். 1567-ல் கட்டத் தொடங்கிய சாந்தா திரினிதாவுக்கு அந்த ஒப்பனை இல்லை. தாழ்ந்து நீண்ட மூன்று வளைவுகள்தான் அதன் அழகு முழுவதும்.

1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை நகரின் மற்றப் பாலங்களையெல்லாம் தகர்த்தது. போன்டே வெக்கியோவை மட்டும் விட்டுவிட்டு, அதன் இரு முனைகளிலும் இருந்த பழைய வீடுகளை இடித்து வழியை அடைத்தது. சாந்தா திரினிதா ஆற்றில் விழுந்தது. கான்கிரீட்டில் கட்டிவிடலாம் என்ற பேச்சு எடுபடவில்லை. விழுந்த கற்களை ஆற்றிலிருந்து எடுத்தார்கள், போதாத கல்லுக்குப் போபோலித் தோட்டத்துப் பழைய குவாரியைத் திறந்தார்கள், உளியால் செதுக்கினார்கள். 1958-ல் பாலம் மீண்டது. மூலைக்கொன்றாக நிற்கும் நான்கு பருவச் சிலைகளில் வசந்தத்துக்கு மட்டும் தலை இல்லை. 1961-ல் ஆற்றைத் தூர்வாரியபோது அதுவும் கிடைத்தது.

எனக்குக் குண்டைவிட ஆற்றின் மேல்தான் பயம். போன்டே வெக்கியோ நிற்கும் இடத்தில் முன்பிருந்த பாலத்தை 1333 வெள்ளம் கொண்டுபோனது. சாந்தா திரினிதாவுக்கு முந்தையதை 1557 வெள்ளம். 1966 நவம்பர் 4 அதிகாலையில், இரவுக் காவலர் எச்சரித்ததால் நகை வணிகர்கள் ஓடிவந்து கையில் அகப்பட்டதை அள்ளிச் சென்றார்கள். வேரோடு வந்த மரங்கள் போன்டே வெக்கியோவில் மோதின. கடைகளை உடைத்துக்கொண்டு தண்ணீர் பாய்ந்தது. பாலம் நின்றதே பெரிய காரியம்.

பிறகு இரு பாலங்களுக்கும் அடியில் ஆற்றுத் தளத்தை ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்த்தினார்கள். மேலே அணைகளும் இருப்பதால் பயமில்லை என்பாரும் உண்டு. ஆனால் போன்டே வெக்கியோவின் தாழ்ந்த வளைவுகள் இன்றும் வெள்ளத்துக்குக் குறுகிய வாசல்தான். அவற்றை உயர்த்தவும் முடியாது, அகற்றவும் மனம் வராது. ஊருக்குள் வருமுன்பே, ஃபிக்லீனே பக்கத்துச் சமவெளியில், நீரை ஒதுக்கித் தேக்குவதே வழி. அதற்கான வேலை ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. பாலத்துக்கு மெருகேற்றும் வேலைகளைவிட இதற்கே அவசரம் அதிகம்.