ஊர்வலத்தில் மங்கும் ஹெட்லைட்

தேவாரம் கடைவீதியில் மாப்பிள்ளை அழைப்புக்குப் பழைய அம்பாசிடர் ஒன்று ஹெட்லைட் எரிய நடைவேகத்தில் ஊர்ந்தால், மண்டபம் சேர்வதற்குள் வெளிச்சம் மங்கிவிடக்கூடும். உடனே பேட்டரி மேல் பழி விழும். புதியதை வாங்கி மாட்டியும் விடுவார்கள். பல வண்டிகளில் அது வீண் செலவு.

1950-களின் பிற்பகுதியில் உத்தர்பாராவில் பிறந்த அம்பாசிடரின் தொடக்ககால வண்டிகளில் மின்சாரம் தந்தது டைனமோ. ஆல்டர்னேட்டர் பிற்பாடுதான் வந்தது. ஆல்டர்னேட்டர் ஐடிலிங்கிலும் ஓரளவு சார்ஜ் ஏற்றும். டைனமோவுக்கு வேகம் வேண்டும். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அதன் வோல்டேஜ் பேட்டரிக்குக் கீழே இறங்கிவிடும். அப்போது பேட்டரி மின்சாரம் திரும்பி டைனமோவுக்குள் பாயாதபடி, ரெகுலேட்டர் பெட்டியிலுள்ள கட்-அவுட் இணைப்பைத் துண்டிக்கும். ஊர்வலம் முழுக்கச் சுமை பேட்டரி தலையில்தான். இது கோளாறே அல்ல. மறுநாள் போடி சாலையில் நன்றாக ஓட்டினால் சார்ஜ் ஏறிவிடும்.

வேகமெடுத்தும் டாஷ்போர்டின் சிவப்பு விளக்கு அணையவில்லையா? இனித் தேட வேண்டியதுதான். முதலில் ஃபேன் பெல்ட்: நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் போல அமுங்கலாம், அதற்கு மேல் தொங்கக் கூடாது. பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவுங்கள். பாடிக்குப் போகும் எர்த் பட்டையையும் இறுக்குங்கள். அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

அடுத்து மல்டிமீட்டர். எஞ்சின் நின்றிருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் 14-ஐ ஒட்டி ஏற வேண்டும். ஏறாவிட்டால் குற்றவாளி டைனமோவா, ரெகுலேட்டரா? இதற்கான சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. அவ்வளவு எளிமை, அவ்வளவு தெளிவு. டைனமோவின் டி, எஃப் வயர்களைக் கழற்றிவிட்டு, டைனமோவிலுள்ள அந்த இரு முனைகளையும் சிறு வயரால் இணையுங்கள். மீட்டரின் ஒரு முனை அதில், மறுமுனை பாடியில். எஞ்சின் வேகத்தை மெல்லக் கூட்டுங்கள். சுமார் 1,000 சுற்றுக்குள் 20 வோல்ட் வரை சீராக ஏறினால் டைனமோ நலம்; அதற்கு மேல் முறுக்காதீர்கள். டைனமோ நலமென்றால் பழுது ரெகுலேட்டரிலோ வயரிங்கிலோ இருக்கிறது.

ஏறவே இல்லையென்றால் கார்பன் தேய்ந்திருக்கலாம், கம்யூட்டேட்டரில் கரி படிந்திருக்கலாம். நெடுநாள் ஷெட்டில் நின்ற வண்டியில் டைனமோவின் எஞ்சிய காந்தமே போயிருக்கலாம். அதற்கு, கழற்றிய எஃப் முனையில் பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரைக் கண நேரம் தொட்டு எடுத்தால் போதும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் எர்த் ஆவது பாசிட்டிவ் முனை, பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

ஓடும் எஞ்சினில் பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. ஆல்டர்னேட்டர் மாற்றிய வண்டியில் அதைச் செய்யவே கூடாது. வோல்டேஜ் திடீரென எகிறி டயோடுகள் கருகிவிடும்.