தங்களுக்குள் பேசினால் எளிதில் புரியுமா?

போர்ட் கொச்சியின் டோபி கானாவில் தமிழ் வண்ணார்கள் தலைமுறைகளாகத் துணி வெளுக்கிறார்கள். பக்கத்து மட்டாஞ்சேரியில் 1568இல் யூதர்கள் பரதேசி ஜெப ஆலயம் கட்டினார்கள். வந்தவர்களெல்லாம் தமக்கென ஓர் இடம் அமைத்துக்கொண்ட கரை இது. ஆட்டிசம் உள்ளவர்களும் அப்படித் தனிச் சமூகம் அமைத்தால் தாக்குப்பிடிக்குமா?

பேச்சு ஓடுமா என்பதுதான் முதல் சந்தேகம். எடின்பரோ ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். எட்டுப் பேர் வரிசையில் ஒரு கதை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போனது. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசை, மற்றவர்களின் வரிசைக்குச் சளைக்கவில்லை. இருவகையினரும் கலந்த வரிசையில்தான் கதை அதிகம் தேய்ந்தது. 2025இல் வந்த பெரிய ஆய்வில் கலந்த வரிசையும் பின்தங்கவில்லை. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்கள் குறைந்தவர்கள் என்று அதுவும் சொல்லவில்லை.

புரியாமை இருபக்கத்திலும் இருக்கிறது என்று சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இலேயே எழுதினார். அவரும் ஆட்டிசம் உள்ளவரே.

1996இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஆட்ரீட்’ முகாமை ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தினார்கள். அங்கே வண்ண அட்டை அணியும் வழக்கம் இருந்தது: சிவப்பு என்றால் யாரும் பேச வேண்டாம்; மஞ்சள் என்றால் தெரிந்தவர் மட்டும். நம் கல்யாண வீடுகளுக்கும் உதவும்!

ஆனால் அந்த முகாம் சில நாள் கூடல். ஆட்டிசம் உள்ளவர்களில் பேச்சே வராதவர்கள், அன்றாடத் துணை வேண்டியவர்கள் பலர். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் கைகள் யாருடையவை என்பதற்கு முகாமில் விடை கிடைக்காது.