வகுறு பத்துதா, பதுவாவா?

"தம்பி கொப்பியக் கிழிச்சான், எனக்கு வகுறு பத்துது" என்று ஒரு மாணவி கட்டுரையில் எழுதியிருந்தாள். சிவப்புப் பேனையால் வெட்டி, "கோபம் கொண்டேன்" என்று திருத்தினேன். வீட்டுக்கு வந்தபின், பிழை விட்டது நான்தானோ என்று மனசு உறுத்திற்று.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. கற்பிட்டிக் குடாநாட்டின் கரையூர் கண்டக்குழி. இப்பக்கத்துப் பேச்சில் கோபத்துக்கு மூன்று படிகள் உண்டு.

முதற்படி, தன் நிலையைச் சொல்வது. "வகுறு பத்துது", "தலைக்கி ஏறுது", "கரச்சல் தாங்க ஏலா". இவற்றில் யாருக்கும் ஏச்சு இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்துக்கு வந்தபோது, யாழ்ப்பாணத்து "விசர் வருது" என்பதும் கூடவே வந்தது. தொல்காப்பியர் வெகுளியை எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வைத்தார். மெய்யில் தோன்றுவது மெய்ப்பாடு. வகுறு பத்துவதும் மெய்யில்தானே!

இரண்டாம் படி, ஏச்சு. "பலாய்", "முஸீபத்து", "ஹயவான்". அறபில் பலா என்றால் சோதனை, முஸீபத் என்றால் வந்து தாக்கும் துன்பம், ஹயவான் மிருகம். பிள்ளையைப் "பலாய்" என்று ஏசும் உம்மா, "நீ எனக்கு அல்லாஹ் தந்த சோதனை" என்றுதான் தன்னையறியாமல் சொல்கிறாள்.

மூன்றாம் படி, பதுவா. "நாசமாப் போ", "ஹலாக்காப் போ". இங்கேதான் மூத்தவர்கள் நாவைப் பிடிப்பார்கள். பிள்ளைகளுக்கும் பொருளுக்கும் எதிராகப் பதுவாக் கேட்காதீர்கள், அது துஆ கபூலாகும் நேரமாக அமைந்துவிடலாம் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். என் உம்மும்மா "நாச..." என்று தொடங்கி, "நல்லா இருப்பாய், அல்லா ஒனக்கு ஹிதாயத்தத் தரட்டும்" என்று முடிப்பார். குரலில் அதே சூடு. சொல் மட்டும் துஆவாகியிருக்கும்.

கோபத்தை மென்று விழுங்குவோரை அல்குர்ஆன் புகழ்கிறது (3:134). அங்கு வரும் அறபுச் சொல்லின் வேர், நிரம்பிய தோற்பையின் வாயைக் கட்டுவதைக் குறிக்கும். பை நிரம்பிவிட்டது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைதான் அதன் வாயைக் கட்டவும் பழகும். அந்தச் சொல்லை நாம் வெட்டிவிட்டால், அதன் கையில் மிஞ்சுவது ஏச்சும் பதுவாவுமே.

மறுநாள் அந்தக் கொப்பியை வாங்கி, என் திருத்தத்தை வெட்டிவிட்டுக் கொடுத்தேன்.