சிந்தசைசர் வாசிக்க எந்தக் கீபோர்டு வாங்கலாம்?

கீபோர்டு என்றவுடன் டைப் செய்யும் கீபோர்டை நினைத்துவிட வேண்டாம். நான் சொல்வது மிடி கண்ட்ரோலர். பார்ப்பதற்கு இசைக் கீபோர்டு போலவே இருக்கும். ஆனால் பெரும்பாலானவற்றில் தனியாக ஒலி கிடையாது. எந்தக் கீயை எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்பதை 1 முதல் 127 வரையிலான ஓர் எண்ணாக மாற்றி, யு.எஸ்.பி. கேபிள் வழியே கம்ப்யூட்டருக்கு அனுப்பும். ஒலியைத் தருவது கம்ப்யூட்டரில் உள்ள சிந்தசைசர் சாஃப்ட்வேர்.

என் மகள் பியானோ கற்கிறாள். எனக்குப் பழைய சிந்தசைசர் ஒலிகளில் ஆசை. இரண்டு கீபோர்டு வாங்க வசதியில்லை. எனவே இருவருக்கும் பொதுவாக, பியானோவைப் போலவே கனமான 88 கீகள் கொண்ட 'ஹாமர் ஆக்ஷன்' கண்ட்ரோலர் ஒன்றை வாங்கினேன். மகளுக்கு மகிழ்ச்சி. எனக்கு ஒரே வாரத்தில் விரல் வலி!

காரணம் பிறகுதான் புரிந்தது. 1970ல் வந்த மினிமூக் சிந்தசைசரில் 44 கீகள்தான். மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒலி அளவு ஒன்றே. அந்த வகை ஒலிகளை லேசான ஸ்பிரிங் கீகளில்தான் வாசித்தார்கள். ஹாமர் கீ மேலே திரும்பி வரச் சற்று நேரம் எடுக்கும். ஒரே ஸ்வரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப வாசித்தால் விரல் திணறுகிறது.

செட்டிங்ஸில் 'வெலாசிட்டி கர்வ்' என்பதை 'சாஃப்ட்' என மாற்றினேன். இப்போது மெல்ல அழுத்தினாலே முழு ஒலி வருகிறது. வலி பெரும்பாலும் போய்விட்டது.

ஒலி தாமதமாக வந்ததற்கும் முதலில் கீகளையே திட்டினேன். தவறு சவுண்ட் டிரைவரில்! அதன் பஃபர் 1024 சாம்பிள் என்று இருந்தது. 44,100 ஹெர்ட்ஸில் அதுவே 23 மில்லி செகண்ட் தாமதம். 256 ஆகக் குறைத்தவுடன் 6 மில்லி செகண்டுக்குள் வந்துவிட்டது.

சிந்தசைசர் மட்டும்தான் என்றால் 61 கீ கொண்ட 'செமி வெயிட்டட்' வகையே போதும். பியானோவும் வேண்டுமென்றால் ஹாமர் ஆக்ஷன் வாங்கவும். ஆனால் பிட்ச் பெண்ட் வீல் இருக்கிறதா என்று அவசியம் பார்க்கவும். அது இல்லாமல் கமகம் வராது. அழுத்திய கீயை மேலும் அழுத்தினால் ஒலி மாறும் 'ஆஃப்டர்டச்' வசதி எல்லா மாடலிலும் இருப்பதில்லை. என்னுடையதில் இல்லை. மாடுலேஷன் வீலை வைத்துச் சமாளிக்கிறேன்.

கடைக்குப் போகும் முன் மேஜையை அளந்துவிடவும். 88 கீ என்றால் நாலரை அடி இடமாவது வேண்டும். நான் அளக்கவில்லை. எங்கள் வீட்டில் பிரிண்டர் இப்போது பீரோ மேல் இருக்கிறது.