கறுப்பு பம்பரில் வெள்ளைத் திட்டு

சாரல் காலத்தில் தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையோரம் நிற்கும் கார்களைச் சற்றுக் கவனியுங்கள். பாலிஷ் போட்ட சில கார்களின் கறுப்பு பம்பரிலும் கண்ணாடியோரப் பீடிங்கிலும் சுண்ணாம்பைத் தேய்த்தாற்போல வெள்ளைத் திட்டுகள் தெரியும். சாரல் விழுந்ததும் அவை மறைந்துவிடும். வெயிலடித்து பம்பர் காய்ந்ததும் அதே இடத்தில் மீண்டும் தோன்றும். மழை கழுவிவிட்டது என்றால், போனது எப்படித் திரும்பி வரும்?

மழை கழுவவில்லை என்பதே விடை. அந்தத் திட்டு பாலிஷில் உள்ள மெழுகு. காரின் பெயின்ட் வழவழப்பானது. துணியால் துடைத்தால் மிச்ச மெழுகு வந்துவிடும். பம்பரின் பிளாஸ்டிக்கோ தோல்போலச் சொரசொரப்பாக இருக்கும்படி வார்க்கப்பட்டது. துணி மேடுகளை மட்டும் தொட்டுச் செல்ல, பள்ளங்களில் தங்கிய மெழுகு காய்ந்து துகளாகிறது.

மெல்லிய மெழுகுப் படலத்துக்குப் பெரிதாக நிறம் கிடையாது. துகள் மட்டும் ஏன் வெண்மையாக இருக்கிறது? கண்ணாடியை நொறுக்கினாலும் வெள்ளைத் தூள்தானே கிடைக்கிறது! ஓர் ஊடகத்திலிருந்து வேறோர் ஊடகத்துக்குள் ஒளி நுழையும்போது ஒரு பகுதி எதிரொளிக்கிறது. இரண்டின் ஒளிவிலகல் எண்கள் எவ்வளவு வேறுபடுகின்றனவோ அவ்வளவு எதிரொளிப்பு. காற்றுக்கு 1.00, மெழுகுக்கு ஏறத்தாழ 1.44. நேராக விழும் ஒளியில் ஒவ்வொரு பரப்பும் சுமார் 3 சதவீதத்தைத் திருப்பிவிடும். ஆயிரக்கணக்கான துகள்கள் இப்படிச் சிதறடிப்பதால் வெண்மை தோன்றுகிறது. இடைவெளிகளில் நீர் (1.33) புகுந்தால் எதிரொளிப்பு இருபதில் ஒரு பங்காகக் குறைகிறது. உடனே அடியிலுள்ள கறுப்பு தெரிகிறது.

தேங்காயெண்ணெய் தடவினால் திட்டு போய்விடும் என்பார்கள். எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.45, கிட்டத்தட்ட மெழுகினுடையதேதான்! எனவே திட்டு அடியோடு மறைகிறது. எண்ணெய் ஆவியாகாததால் பல நாள் மறைந்தே இருக்கிறது. மெழுகு போகவில்லை, அதன்மேல் புழுதியும் ஒட்டிக்கொள்கிறது. நல்ல வேடிக்கை, மோசமான வைத்தியம்.

உண்மையாக நீக்க என்ன வழி? மெழுகின் மூலக்கூறு நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலி, நீரோடு சேராது. சோப்பின் மூலக்கூறு ஒரு முனையால் மெழுகையும் மறுமுனையால் நீரையும் பற்றும். சூடும் உதவும். பாரஃபின் மெழுகு பெரும்பாலும் 50 முதல் 60 டிகிரி செல்சியஸில் உருகும். பிரேசில் நாட்டுப் பனைவகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகுக்கு 80 டிகிரிக்கு மேல் வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் சோப்பு நீர், பள்ளத்துக்குள் நுழைய மிருதுவான பழைய பல் துலக்கி, மெழுகு மறுபடி இறுகுமுன் ஒற்றியெடுக்கப் பனியன் துணி: பெரும்பாலும் இவையே போதும். அசையாத மெழுகுக்குத் துணியில் சில சொட்டு மண்ணெண்ணெய். முதலில் மறைவான இடத்தில் சோதியுங்கள். ரப்பர் உப்பிவிடும் என்பதால் அதில் படவிடாதீர்கள். பிறகு சோப்பால் கழுவிவிடுங்கள்.

பெட்ரோல் மட்டும் கூடவே கூடாது. சுமார் மைனஸ் 40 டிகிரியிலேயே அதன் ஆவி தீப்பற்றும் அளவுக்கு எழும். மண்ணெண்ணெய்க்கு 38 டிகிரி அல்லது அதற்கு மேல் தேவை. ஆனால் வெயிலில் காய்ந்த கறுப்பு பம்பர் அந்தச் சூட்டையும் தாண்டிவிடும். ஆகவே மண்ணெண்ணெயையும் நிழலில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில்தான் எடுக்க வேண்டும்.

சீலன்ட் எனப்படும் செயற்கைப் பூச்சு வேறு வகை. இறுகும்போது அதன் மூலக்கூறுகள் குறுக்கே பிணைந்து வலையாகிவிடுவதால் சூட்டுக்கு உருகாது, எண்ணெயில் எளிதில் கரையாது. அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பென்சில் எழுத்தை அழிக்கும் வெள்ளை ரப்பர் இதற்கு நன்றாகவே உதவும்.

கழுவும் இடம் ஆற்றங்கரையாக வேண்டாம். குற்றாலத்து நீர் சிற்றாறாகி, தாமிரபரணியில் சேர்கிறது. வழியெங்கும் மக்கள் அதை நம்பியிருக்கிறார்கள்.

திட்டு போய்விட்டதா என்று பம்பர் ஈரமாக இருக்கும்போது பார்க்காதீர்கள். நன்றாகத் துடைத்து, அரைமணி நேரம் காயவிட்டுப் பாருங்கள். அடுத்த முறை பாலிஷ் போடுமுன் பிளாஸ்டிக்கின் மேல் காகித டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.